இடக்கை மார்ட்டினுக்குப் புதுப் பிரிட்ஜ்: சிங்கப்பூர்ப் பட்டறை வேலை ஒன்றின் மதிப்பீடு

பழைய இடக்கை அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் பிரிட்ஜ் (மேற்பலகையில் கம்பிகளைப் பிடித்து நிற்கும் மரக்கட்டை) மாற்றக் கொடுக்கும்போது பட்டறைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: கம்பிகளைத் தாங்கும் மெல்லிய எலும்புத் துண்டான சேடில் உட்காரும் பள்ளத்தை எப்போது வெட்டுவீர்கள்? ஒட்டும் முன்பே வெட்டிவிடுவேன் என்று சொன்னால் வேறு இடம் பார்ப்பது நல்லது. ஒட்டி, காயவிட்டு, கம்பி கட்டிச் சுருதி பார்த்த பிறகுதான் வெட்டுவேன் என்றால் தாராளமாகக் கிட்டாரைக் கொடுக்கலாம். இங்கே மதிப்பிடும் வேலை அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதுவே இந்தப் பட்டறைக்கு நாம் தரும் மதிப்பெண்ணில் பாதி.

கிட்டார், 1970களின் நடுப்பகுதியில் வந்த இடக்கை மார்ட்டின் டி-18. ஸ்ப்ரூஸ் மேற்பலகை, மகோகனி உடல், ரோஸ்வுட் பிரிட்ஜ். வேலை செய்தது சிங்கப்பூரின் உபி வட்டாரத் தொழிற்கூடக் கட்டடத்தில் ஒருவரே நடத்தும் சிறு பட்டறை. ஒரே ஒரு கிட்டாரை வைத்து ஒரு பட்டறைக்கு முத்திரை குத்துவது நியாயமில்லை என்பதால் பெயரைப் போடவில்லை. பெனின்சுலா பக்கமோ பிராஸ் பாஸா பக்கமோ நீங்கள் எங்கே கொடுத்தாலும் கீழே வரும் அளவுகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வெப்பம் காட்டும் முன் நடந்த சோதனை

கண்ணுக்குத் தெரிந்த குறைகள் மூன்று. கம்பி முனைகளை இறுக்கும் ஆணிகளான பின்களின் துளைகளை வரிசையாக இணைத்தபடி பிரிட்ஜில் ஒரு நீள விரிசல். பிரிட்ஜின் பின்விளிம்பு மேற்பலகையை விட்டு எழும்பியிருந்தது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்களில் 12ஆவதுக்கு மேலே போகப் போகச் சுருதி ஏறிக் கேட்டது.

முதல் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். முன்பு யாரோ கம்பி உயரத்தைக் குறைக்கப் பிரிட்ஜின் மேற்புறத்தை இழைத்துவிட்டிருக்கிறார்கள். சுமார் 9.5 மி.மீ. இருக்க வேண்டிய கனம் 7 மி.மீ.க்கு வந்திருந்தது. கனம் போனால் பள்ளத்தின் ஆழமும் போகிறது. ஆழமில்லாத பள்ளத்தில் நிற்கும் சேடில், கம்பி இழுப்பில் மேற்பலகையின் ஒலித்துளையான சவுண்ட்ஹோல் பக்கம் சாய்கிறது. மெல்லிய கம்பி 0.012, தடித்த கம்பி 0.053 அங்குலம் உள்ள 12-53 கம்பிக் கட்டு முழுச் சுருதியில் 70 கிலோவுக்குமேல் இழுக்கும். மெலிந்த பிரிட்ஜ் அந்த இழுப்புக்கு வளைந்து கொடுக்க, மரம் மிகக் குறைவாக இருக்கும் இடமான துளை வரிசையில் பிளவு விழுகிறது. விரிசலில் சூப்பர் குளூ ஊற்றி மூடியிருந்த அடையாளமும் தெரிந்தது. அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காத வைத்தியம்.

மூன்றாவது குறைக்கு வேறு காரணம். 1970களின் மார்ட்டின்களில் பிரிட்ஜ் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் ஒட்டப்பட்டவை பல உண்டு. பழுதுபார்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. பட்டறைக்காரர், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் முன்விளிம்பிலிருந்து 12ஆம் ஃபிரெட்டின் நடுவரை அளந்தார்: 321.8 மி.மீ. இரட்டித்தால் 643.6. அதுதான் கணக்குப்படி கம்பி நீளம். சேடில் அதைவிடச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும், ஏனென்றால் ஃபிரெட்டில் அழுத்தும்போது கம்பி இறுகிச் சுருதி ஏறுகிறது. மெல்லிய 1ஆம் கம்பிக்கு 2 முதல் 2.5 மி.மீ., தடித்த 6ஆம் கம்பிக்கு 5 மி.மீ. அளவுக்குக் கூடுதல் நீளம் கொடுப்பது வழக்கம். இந்தக் கிட்டாரில் 1ஆம் கம்பிக்கு 0.6 மி.மீ., 6ஆம் கம்பிக்கு 2.1 மி.மீ. மட்டுமே இருந்தது. சேடிலை 1 மி.மீ. பின்னால் தள்ளினால் 12ஆம் ஃபிரெட்டில் ஏறத்தாழ 2.7 சென்ட் (சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) இறங்கும். ஆக, 6ஆம் கம்பி 8 சென்ட் வரை ஏறி ஒலித்திருக்கிறது. பழைய பிரிட்ஜை அச்சாக வைத்துப் புதியதைச் செய்தால் இந்தப் பிழையும் கூடவே வந்துவிடும். உள்ளதை உள்ளபடியே நகலெடுக்கிறேன் என்பது பழைய கிட்டார்களில் மரியாதைக்குரிய பேச்சாகத் தோன்றும். இந்தக் காலத்து மார்ட்டின்களுக்கு அது பொருந்தாது.

அடுத்து நெக், அதாவது கழுத்தின் கோணம். நீளமான நேர்ச்சட்டத்தை ஃபிரெட்களின் மேல் வைத்துப் பிரிட்ஜ் வரை நீட்டினால் அதன் முனை பிரிட்ஜின் மேற்புறத்தைத் தொட வேண்டும். அதற்குக் கீழே இடித்தால் நெக் முன்னால் இழுபட்டிருக்கிறது, கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தி மாட்டும் நெக் ரீசெட் தேவை என்று பொருள். இந்தக் கிட்டாரில் சட்டத்தின் முனை மேற்பலகையிலிருந்து 8.2 மி.மீ. உயரத்தில் நின்றது. முழுக் கனமான 9.5 மி.மீ. பிரிட்ஜ் வைத்தால் சேடில் குட்டையாகி ஒலி மந்தமாகும். 8.5 மி.மீ.யில் செய்தால் சேடில் போதுமான உயரத்தில் நிற்கும், பள்ளத்துக்கும் ஆழம் கிடைக்கும். அதைத்தான் அவர் பரிந்துரைத்தார். நெக் ரீசெட் இப்போதைக்கு வேண்டாம், ஆனால் பின்னால் ஒருநாள் வரும் என்றும் எழுதிக் கொடுத்தார். சட்டத்தை வைத்துப் பார்க்காமலேயே பிரிட்ஜுக்கு விலை சொல்கிறவர்களிடம் பழைய கிட்டாரைக் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பிரிட்ஜ் கெட்டது என்று கொண்டுவரப்படும் பழைய கிட்டார்களில் உண்மையான நோயாளி நெக்காக இருப்பது சகஜம்.

இன்னொன்றையும் பார்த்தார். பிறப்பிலேயே இடக்கைக் கிட்டாரா, வலக்கையை மாற்றியதா? சவுண்ட்ஹோல் வழியாகச் சிறு கண்ணாடியையும் விளக்கையும் விட்டால் தெரியும். மேற்பலகையின் உட்புறம் எக்ஸ் வடிவில் ஒட்டிய தாங்குசட்டமான எக்ஸ் பிரேஸுக்குக் கீழே சாய்ந்து ஓடும் சிறு சட்டங்களான டோன் பார்கள் வலக்கைக் கிட்டாரில் ஒரு பக்கமாகச் சாயும், உண்மையான இடக்கையில் அதற்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். மாற்றியதாக இருந்தால் பழைய பள்ளத்தை அடைத்த மரத்துண்டு, அடைத்த பின் துளைகள், மேற்பலகை கீறாமல் காக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டு இருந்த தடம் எல்லாம் எங்காவது தலைகாட்டும். ஒட்டும்போது உள்ளே வைக்கும் தாங்குகட்டை பிரேஸ்களுக்கு நடுவே பொருந்த வேண்டும் என்பதால் பட்டறைக்கும் இது தேவையான தகவல். இந்த டி-18 பிறவி இடக்கை.

கடையில் கிடைக்கும் இடக்கைப் பிரிட்ஜ் ஏன் போதாது

தடித்த கம்பிக்குக் கூடுதல் நீளம் வேண்டும் என்பதால் சேடில் பள்ளம் சாய்வாக ஓடும். இடக்கைக் கிட்டாரில் கம்பி வரிசை தலைகீழ், சாய்வும் எதிர்ப்பக்கம் வர வேண்டும். வலக்கைப் பிரிட்ஜை அப்படியே ஒட்டினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கில் பார்க்கலாம். 6ஆம் கம்பிக்கு 5 மி.மீ. போக வேண்டிய இடத்தில் 2.3, 1ஆம் கம்பிக்கு 2.3 போக வேண்டிய இடத்தில் 5. முன்னது 7 சென்ட் ஏறும், பின்னது 7 சென்ட் இறங்கும். 12ஆம் ஃபிரெட்டில் ஈ கம்பிகளான இந்த இரண்டையும் சேர்த்து மீட்டினால் 14 சென்ட் வித்தியாசம் காதில் குத்தும். 180 டிகிரி திருப்பி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகாது. ஒரு சாய்கோட்டைப் பாதி வட்டம் சுற்றினாலும் சாய்வு அதே பக்கம்தான் இருக்கும், கூடவே பின் துளைகள் சேடிலுக்கு முன்னால் வந்துவிடும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிய பிரிட்ஜ்தான் வேண்டும். 2ஆவதான பி கம்பிக்குப் படி வெட்டி வரும் சேடில்களுக்கும் இதே கதை.

இணையத்தில் இடக்கை என்றே விற்கும் பிரிட்ஜ்கள் இந்தச் சாய்வுப் பிரச்சினையைத் தீர்க்கின்றன. புதிய, மலிவான கிட்டாருக்கு அவை போதும். பழைய கிட்டாருக்கு நான்கு இடத்தில் இடிக்கும். பள்ளம் 3 மி.மீ.க்குக் குறையாத அகலத்தில் வரும், பழைய மார்ட்டின் சேடிலோ 2.4 மி.மீ. பின் துளைகள் 3 டிகிரி கூம்பில் இருக்கும், மார்ட்டினின் பழைய பின்கள் 5 டிகிரி. 1ஆம் கம்பியிலிருந்து 6ஆம் கம்பி வரையிலான இடைவெளி 55 மி.மீ. என்றால், மேற்பலகையில் ஏற்கெனவே உள்ள துளைகள் 54 மி.மீ.யில் இருக்கும். அரை மி.மீ. பக்கத்துக்கு விலகினாலே பின் சாய்ந்து உட்காரும். எல்லாவற்றையும்விட, வெளிவடிவம் ஒரு முடி அளவு குறைந்தாலும் பழைய பிரிட்ஜின் தடம் ஓரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். அதைப் பளபளப்புப் பூச்சான லாக்கர் பூசி மறைக்க முயன்றால் கோடு இன்னும் தடிக்கும்.

இந்தப் பட்டறை பள்ளமும் துளையும் இல்லாத இந்திய ரோஸ்வுட் கட்டையை எடுத்துப் பழைய தடத்தைத் தாளில் பதித்து வெட்டியது. தமிழகத்தில் ஈட்டி, தோதகத்தி என்கிற மரம்தான் இது. வெளிவடிவம் தடத்தைவிடச் சுற்றிலும் கால் மி.மீ. பெரிது, ஓரத்தில் உடைந்திருந்த லாக்கர் அதனடியில் மறைந்துவிட்டது. நார் நீளவாக்கில் நேராக ஓடும் கட்டையாகத் தேர்ந்ததையும் பாராட்ட வேண்டும். நார் சாய்ந்து துளை வரிசையில் வெளிவந்தால் புதுப் பிரிட்ஜும் அதே இடத்தில்தான் பிளக்கும்.

கட்டையை நீங்களே வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் இரண்டு விஷயம். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. இந்திய ரோஸ்வுட் இரண்டாம் பட்டியலில். 2019 நவம்பர் முதல் வேலை முடிந்த இசைக்கருவிகளுக்கும் வேலை முடிந்த பாகங்களுக்கும் விலக்கு உண்டு. பள்ளம் வெட்டாத கட்டையை அந்த விலக்கில் சேர்த்துக்கொள்வார்களா என்பதைப் பணம் கட்டும் முன் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்டுவிட வேண்டும். கருங்காலியில் ஆப்பிரிக்க வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் டி-18க்கு அந்தக் காலத்தில் வந்தது ரோஸ்வுட் என்பதால் அதையே வைப்பதுதான் பொருத்தம். வரியைப் பொறுத்தவரை, 2023 முதல், பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்த விற்பனையாளரிடம் வாங்கினால் 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கும் அந்த வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு. யானைத் தந்தச் சேடில் கேட்டுப் பட்டறைகளை நச்சரிக்க வேண்டாம். 2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் தந்தம் விற்பதே குற்றம்.

கழற்றுவது, பொருத்துவது, ஒட்டுவது

பழைய பிரிட்ஜைக் கழற்றியது சுத்தமான வேலை. பிரிட்ஜின் வடிவத்துக்குத் துளை வெட்டிய தடித்த அட்டை, அதன் மேல் அலுமினியத் தாள், பிரிட்ஜின் மேல் மட்டும் சிலிக்கோன் சூட்டு விரிப்பு. அட்டை இல்லாமல் சூடு காட்டினால் நைட்ரோ லாக்கர் அப்பளம்போல் கொப்பளித்துவிடும். இந்தக் காலத்து மார்ட்டினில் மர வேலைக்கான அலிபாட்டிக் வகைப் பசை இருப்பதால், பசைக் கோடு 65, 70 டிகிரியைத் தொட்டதும் இளகத் தொடங்கும். பிறகு மெல்லிய, விளிம்பு மழுங்கிய கத்தி.

இங்கே கைப்பக்குவம் எதில் என்றால் கத்தியின் திசையில். மேற்பலகை, ஒரே பலகையைப் பிளந்து விரித்து ஒட்டிய இரண்டு பாதிகள். நார் ஒரு பாதியில் சவுண்ட்ஹோல் பக்கம் மேலேறினால் மறு பாதியில் கீழிறங்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு பாதி வெளிறியும் மறு பாதி கறுத்தும் தெரிவது இதனால்தான். ஆகவே ஒரு பாதியில் கத்தி பின்னாலிருந்து முன்னே போனால், மறு பாதியில் முன்னாலிருந்து பின்னே வர வேண்டும். ஒரே மூச்சில் பின்னாலிருந்து தள்ளுகிறவர்கள் ஏதாவது ஒரு பாதியில் ஸ்ப்ரூஸைப் பட்டையாக உரித்தெடுப்பார்கள். கழற்றிய பிரிட்ஜின் அடியை எங்களிடம் காட்டினார். அதில் ஒட்டியிருந்த ஸ்ப்ரூஸ் நார் விரல் நகத்தளவுகூட இல்லை. கிப்சனோ பழைய ஜப்பானியக் கிட்டாரோ வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிரிட்ஜின் மேலுள்ள முத்துப் பொட்டுகளுக்கு அடியில் போல்ட் ஒளிந்திருக்கலாம். அதை எடுக்காமல் நெம்பினால் பிரிட்ஜோடு மேற்பலகையும் வரும்.

பிரிட்ஜ் இல்லாத அந்த இடைவேளையில் இரண்டு இடங்களைச் சோதிக்க வேண்டும், இரண்டையும் சோதித்தார். ஒன்று, பிக்கார்டு ஓரம். அந்தக் காலத்தில் மார்ட்டின் பிக்கார்டைப் பூச்சில்லாத வெறும் மரத்தின் மேல் நேரடியாக ஒட்டி அதன்மேல் லாக்கர் அடித்தது. பிளாஸ்டிக் சுருங்கும்போது மரத்தையும் இழுத்துப் பிளக்கும், அந்தப் பிளவு பிரிட்ஜை நோக்கி ஓடும். இதில் பிளவு இல்லை. இரண்டாவது, பிரிட்ஜுக்கு நேர் கீழே மேற்பலகையின் உட்புறம் ஒட்டிய வலுப்பலகையான பிரிட்ஜ் பிளேட். 1970களில் மார்ட்டின் வைத்தது பெரிய ரோஸ்வுட் பிளேட். கம்பியின் உருண்டை முனை உரசி உரசித் துளைகள் அகன்று, உருண்டைகள் மேலேறிப் பிரிட்ஜின் அடியையே தொட்டுக்கொண்டிருந்தன. சிலர் இந்தப் பிளேட்டை முழுதாகப் பெயர்த்துச் சிறிய மேப்பிள் பிளேட் வைப்பார்கள். எக்ஸ் பிரேஸுக்கு அருகில் செய்யும் ஆபத்தான அறுவை அது. பிளேட் பிளக்காதவரை தொடாமல் இருப்பதே மேல். பட்டறை, துளைகளைக் கூம்பு மேப்பிள் அடைப்பால் அடைத்து மறுபடி துளையிட்டதோடு நிறுத்தியது. சரியான முடிவு.

சிங்கப்பூருக்கே உரிய சிக்கல் பொருத்தும்போது வருகிறது. இங்கே விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். கிட்டாருக்கு ஏற்றது 45 முதல் 55. ஈரம் ஏறிய மேற்பலகை வயிறு உப்பி நிற்கும். அந்த உப்பலுக்கு ஏற்றபடி பிரிட்ஜின் அடியைச் செதுக்கி ஒட்டிவிட்டு, பிறகு ஏர்கான் அறையில் வைத்தால் மேற்பலகை தட்டையாகும், பிரிட்ஜின் அடி வளைவோ அப்படியே இருக்கும். அந்த வலி முழுவதும் பசைக் கோட்டின் ஓரங்களில் விழுகிறது. பட்டறை கிட்டாரைக் கம்பி தளர்த்தி, 50 விழுக்காட்டில் நிறுத்திய சிறு அறையில் ஒரு வாரத்துக்குமேல் வைத்த பிறகே அளவெடுத்தது. வந்த அன்றே கழற்றி மறுநாள் ஒட்டித் தருகிற வேகச் சேவைகள் இந்த ஊரில் பழைய கிட்டாருக்கு ஒத்துவராது.

அடிப்பகுதியைச் சுரண்டுத் தகட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, விளக்கொளி ஊடுருவாதபடி, மெல்லிய தாள்கூட நுழையாதபடி பொருத்தினார். கிளாம்ப் போட்டு அழுத்தினால் சரியாகிவிடும் என்று அரை மி.மீ. இடைவெளியை விட்டுவைப்பதுதான் பிரிட்ஜின் இரு பக்க முனைகளான இறக்கைகள் பின்னாளில் எழும்புவதற்கு முதல் காரணம். தடத்திலிருந்த லாக்கரையும் பழைய பசையையும் சுரண்டித்தான் எடுத்தார், கத்தியால் கோடு கீறவில்லை. பிரிட்ஜின் முன்விளிம்பில் நாருக்குக் குறுக்கே ஒரு கீறல் விழுந்தால், 3 மி.மீ.கூட இல்லாத மேற்பலகை பின்னாளில் அங்கேதான் மடியும்.

பசை, 192 கிராம் வலுத்தரமுள்ள ஹைட் குளூ எனும் தோல் பசை. காய்ந்தபின் சூட்டில் ஊர்ந்து நகராது என்பது இதன் பெரிய பலம். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் கிட்டாரை மறந்து வைக்கும் ஊரில் அது பெரிய விஷயம். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுப்பது என்பதால் வேண்டாம் என்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம். சேடிலும் மாட்டெலும்புதான், அதற்கு டஸ்க் எனும் செயற்கைப் பொருளில் இடக்கை வடிவமே கிடைக்கிறது. பசைக்கு மாற்றாக டைட்பாண்ட் ஒரிஜினல் மரப்பசை போதும். திரவமாகப் புட்டியில் வரும் ஹைட் குளூவையும் மீன் பசையையும் இந்த ஈரப்பதத்தில் பிரிட்ஜுக்கு நம்ப முடியாது.

ரோஸ்வுட்டில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அடியைப் புதிதாகச் சுரண்டி, அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். பிரிட்ஜை மிதமாகச் சூடாக்கி, ஏர்கான் காற்று படாதபடி திருப்பிவிட்டு, 60 டிகிரியில் உள்ள பசையைத் தடவினால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அவகாசம் கிடைக்கும். அதற்குள் சவுண்ட்ஹோல் வழியாக மூன்று ஆழ்வாய்க் கிளாம்ப்கள், உள்ளே தாங்குகட்டை, இறக்கைகளுக்குத் தனி அழுத்தக் கட்டை எல்லாம் ஏற வேண்டும். பசை இல்லாமல் ஒருமுறை முழுவதும் ஒத்திகை பார்க்காதவர்களால் இது முடியாது. 24 மணி நேரம் கிளாம்ப், அதற்குமேல் இரண்டு நாள் கம்பி இல்லாமல் ஓய்வு.

பள்ளம்

இந்த வேலைக்குப் பணம் கொடுக்கத் தகுந்த இடம் இதுதான். பள்ளம் இல்லாத பிரிட்ஜில் பின் துளைகளை மட்டும் போட்டு, கம்பி கட்டி, ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் நகர்த்தக்கூடிய சிறு தாங்கியைச் சேடில் உயரத்துக்கு வைத்தார். முழுச் சுருதிக்கு ஏற்றி, 12ஆம் ஃபிரெட்டில் அழுத்திய ஒலியும், அதே இடத்தில் அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஒலியான ஹார்மானிக்கும் ஒன்றும்வரை ஒவ்வொரு தாங்கியையும் முன்னும் பின்னும் நகர்த்தினார். கடைசியில் 1ஆம் கம்பி 2.3 மி.மீ.யிலும் 6ஆம் கம்பி 5 மி.மீ.யிலும் நின்றன. ஆறு புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் வரா. பி கம்பி பின்னுக்கும் 3ஆவதான ஜி கம்பி முன்னுக்கும் ஒதுங்கும். அவற்றின் நடுவே ஒரு கோடு போட்டு, மீதியைச் சேடிலின் தலையில் தீட்டி எடுப்பதுதான் முறை. கோட்டின் பின்விளிம்புக்கும் துளைகளின் முன்விளிம்புக்கும் நடுவே எந்த இடத்திலும் 3 மி.மீ. மரம் மிஞ்சுகிறதா என்று பார்த்த பிறகே கருவியை எடுத்தார். தடித்த கம்பிப் பக்கம் கோடு துளைகளை நெருங்குகிறது, விரிசல் வந்தால் அங்கேதான் வரும்.

பிறகு கம்பிகளை எடுத்து, சவுண்ட்ஹோலை மூடி, பிரிட்ஜின் மேல் சட்டம் பூட்டி, 2.4 மி.மீ. முனையுள்ள, மரம் குடையும் சிறு ரவுட்டர் இயந்திரத்தால் ஒரு தடவைக்கு 1 மி.மீ. ஆழம் என்று 5 மி.மீ. வரை வெட்டினார். அடியில் 3.5 மி.மீ. மரம் மிச்சம். அவசரப்பட்டு இரண்டே தடவையில் இறக்கினால் மெல்லிய முனை வளைந்து, பள்ளத்தின் சுவர் அலையாகும். சேடில் விரலால் இழுத்தால் வரும், கிட்டாரைக் கவிழ்த்தால் விழாது. அதுதான் சரியான இறுக்கம். சுத்தியல் தட்டி இறக்கும் சேடில் முன்சுவரைப் பிளக்கும். வெளியே தெரியும் உயரம் 1ஆம் கம்பியில் 3 மி.மீ., 6ஆம் கம்பியில் 4 மி.மீ.யை ஒட்டி. கம்பி உயரம் 12ஆம் ஃபிரெட்டில் 1.8, 2.4. சுருதியில் இப்போது எந்தக் கம்பியும் 2 சென்ட்டுக்கு மேல் விலகவில்லை. 1970களின் மார்ட்டினில் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

குறைகள்

பின் துளைகளை 4.8 மி.மீ. துளையிட்டு, 5 டிகிரிக் கூம்புக் கருவியால் அகலப்படுத்தி, கம்பி வழிந்து வரச் சேடில் பக்கம் சிறு வாய்க்கால் வெட்டியிருந்தார். தடித்த கம்பிக்கு அகல வாய்க்கால் இடக்கைக்கு உரிய பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் 3, 4ஆம் கம்பிகளின் துளைகளைப் போதிய அளவு அகலப்படுத்தவில்லை. அவற்றின் பின்கள் மற்றவற்றைவிட 1 மி.மீ. உயர்ந்து நின்றன. ஒலியில் தெரியாது, கண்ணுக்குத் தெரியும். சொன்னதும் அங்கேயே சரிசெய்தார். இவ்வளவு கவனமான வேலையில் கடைசிக் கூம்புச் சுற்றில் மட்டும் ஏன் அவசரம் என்பது புரியவில்லை.

ரசீது இன்னொரு குறை. பிரிட்ஜ், பிளேட் அடைப்பு, சேடில், பின்கள், செட்டப் எனும் இறுதிச் சரிசெய்தல் எல்லாம் ஒரே தொகையாக எழுதப்பட்டிருந்தது. பழைய கிட்டாரை விற்கும்போது என்ன மாற்றப்பட்டது, எது மாற்றப்படவில்லை என்ற எழுத்துச் சான்றுக்கு மதிப்பு உண்டு. கேட்ட பிறகு பிரித்து எழுதிக் கொடுத்தார். பழைய பிரிட்ஜையும் சேடிலையும் கேட்காமலே பையில் போட்டுத் திருப்பித் தந்தது நல்ல பழக்கம். காத்திருப்பு நீளமானது, அதைக் குறையாகச் சொல்ல மனமில்லை. மேலே சொன்ன உலர்த்தலும் ஓய்வும் அந்தக் காலத்தைத்தான் விழுங்குகின்றன.

வாங்க வரும்போது ஒரு துண்டு மெல்லிய தாளும் சிறு கண்ணாடியும் கொண்டுவாருங்கள். தாளைப் பிரிட்ஜின் நான்கு மூலைகளிலும் நுழைத்துப் பாருங்கள், எங்கும் நுழையக் கூடாது. கண்ணாடியை உள்ளே விட்டு உருண்டை முனைகள் பிளேட்டில் அமர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள், துளைக்குள் ஏறியிருந்தால் வேலை முடியவில்லை. சேடிலைப் பக்கவாட்டில் பார்த்தால் நேராக நிற்க வேண்டும்.

வீட்டில் கிட்டாரைச் சுவரில் மாட்டி வைப்பது, இரவில் ஏர்கான், பகலில் சன்னல் திறப்பு என்று பழகிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பசைக் கோட்டுக்குப் பெரும் சோதனை. பெட்டிக்குள் 49 விழுக்காட்டு இருவழி ஈரப்பதப் பொட்டலம் போட்டு மூடி வைத்தால் போதும். கேமராவுக்கு வாங்கிய உலர் அலமாரி பெரிதாக இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் லென்ஸுக்கு வைக்கும் 35, 40இல் விடாமல் 50க்கு ஏற்றிவிடுங்கள், அவ்வளவு வறட்சியில் மேற்பலகையே வெடிக்கக்கூடும்.

சில வாரம் வாசித்த பிறகு மேற்பலகை புது இழுப்புக்குப் பழகி, கம்பி உயரம் கொஞ்சம் ஏறும். அப்போது ஒருமுறை கட்டணமில்லாமல் பார்த்துச் சேடிலின் அடியைத் தீட்டித் தருவதாகப் பட்டறை எழுதிக் கொடுத்திருக்கிறது. நிபந்தனை ஒன்று: அதே 12-53 கம்பி கட்டியே கொண்டுவர வேண்டும். 13-56க்கு மாறினால் இழுப்பு 80 கிலோவைத் தாண்டும், சேடிலின் இடத்தையும் உயரத்தையும் புதிதாக அளக்க வேண்டிவரும், அது தனிக் கட்டணம்.